வாளையாறு தாண்டினால் வாடகைச் சட்டம் வேறு

புது தில்லி: வேலை கோவையில், வாடகை வீடு பாலக்காட்டுப் பக்கம். நகர இரைச்சலை விரும்பாத எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 50 கி.மீ. தொலைவுதான். ரயிலும் உண்டு, தேசிய நெடுஞ்சாலையும் உண்டு. ஆனால், வாளையாற்றைத் தாண்டியதும் வாடகைதாரரின் சட்ட நிலை அடியோடு மாறிவிடுகிறது என்பதைப் பலர் அறிந்திருப்பதில்லை.

1956 வரை பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அப்போது இரு பக்கமும் ஒரே வாடகைச் சட்டம். பிறகு கேரளம் 1965-இல் தனக்கெனக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றிக் கொண்டது. தமிழகமோ தனது 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கைவிட்டு, 2017-இல் புதுச் சட்டம் இயற்றி, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைப்படுத்தியது.

கேரளச் சட்டப்படி, வீட்டு உரிமையாளர் வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்தை நாடாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. வாடகை பாக்கி, உள்வாடகை, உரிமையாளரின் சொந்தத் தேவை எனக் காரணங்கள் வரையறுக்கப்பட்டுள்ளன. வாய்மொழியாகப் பேசிக் குடியேறியவருக்கும் இந்தக் காப்பு உண்டு. அதேவேளை, சட்டத்தின் அட்டவணையில் உள்ள பகுதிகளுக்கும் அரசு அறிவிக்கும் பகுதிகளுக்கும் மட்டுமே இது பொருந்தும். குடியேறும் ஊர் அதில் அடங்குமா என்று விசாரித்துக் கொள்வது நல்லது.

தமிழகத்தின் புதுச் சட்டம் பத்திரத்தை நம்புகிறது. எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். ஒப்பந்தம் செய்யத் தவறியதே வீட்டைக் காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகி விடுகிறது. பதினொரு மாத ஒப்பந்தத் தாளை எழுதி அலமாரியில் வைத்துவிட்டு நிம்மதியாக இருந்த காலம் இனி இல்லை.

தில்லியின் பார்வையும் தமிழகத்தின் பக்கமே சாய்கிறது. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2-இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. இங்கும் எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம். 2011 கணக்கெடுப்பில் நாட்டின் நகரங்களில் சுமார் 1.1 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாடகைக்கு விட்டால் வீடு திரும்பக் கிடைக்காது என்ற அச்சம் நீங்கினால் இவை சந்தைக்கு வரும் என்பது மத்திய அரசின் வாதம்.

வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால், கையெழுத்திடும் நேரத்தில் இரு தரப்பும் சமம் என்று இச்சட்டம் கருதிக் கொள்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஒப்பந்ததாரர் பிடித்துத் தந்த அறையில் பத்துப் பேருடன் தங்கும் தொழிலாளியின் பெயர் எந்தப் பத்திரத்திலும் வருவதில்லை.

பாலக்காட்டுக்கு இது வெறும் ஊகம் அல்ல. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை அனுமதித்த பாலக்காடு தொழில்நகரம் 1,710 ஏக்கர் பரப்பில், ரூ.3,806 கோடி மதிப்பீட்டில் திட்டமிடப்பட்டது. அதற்கு முந்தைய மாதம் தாக்கலான பட்ஜெட், தொழிலாளர்களுக்குத் தனியார் பங்கேற்புடன் வாடகை விடுதிகள் அமைக்கப்படும் என்றது. ஆலை வருமுன் விடுதி வருமா என்பதே எல்லைப்புற மக்களின் கேள்வி. முந்தினால் ஆலைதான் முந்தும் என்பது அனுபவம்.

இடுக்கியின் நிலை இதனினும் கடினம். மூணாறு தேயிலைத் தோட்டங்களில் வாழும் தமிழர்கள் வாடகைதாரர்களே அல்லர். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகத்தின் மீது சுமத்திய வீட்டுவசதிக் கடமை, பணியில் இருப்போருக்கானது. லயத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. ஓய்வு பெற்றவர் சுற்றுலா விடுதிகள் நிறைந்த ஊரில் வாடகைக்கு இடம் தேட வேண்டும். இல்லையேல் மலையிறங்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 6-இல் பெட்டிமுடி நிலச்சரிவு லயங்களை அடித்துச் சென்று 70 பேர் உயிரிழந்தபோது, இவர்களின் வீட்டுப் பிரச்சினை நாடெங்கும் பேசப்பட்டது.

எல்லைப்புறத்துக்குப் பொதுவான ஒரு வாடகை ஏற்பாட்டை நாடாளுமன்றம் செய்ய முடியுமா? வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் உறவு, அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 18-ஆவது இனத்தில் அடங்குகிறது. எனவே, தில்லி மாதிரியைத்தான் அனுப்ப முடியும். முடிவெடுக்க வேண்டியது திருவனந்தபுரமும் சென்னையும்.