துரைமார் லாபியும் நூறு வெள்ளிப் பங்கும்

‘லாபி பண்ணிக் காரியம் சாதித்துவிட்டார்கள்’ என்றால் நம்மிடையே அது ஏச்சு. அரசிடம் போய்த் தன் தரப்பைச் சொல்வதில் தப்பென்ன இருக்கிறது? யாரால் போக முடிந்தது, யாரால் முடியவில்லை என்பதில்தான் மலேசியாவின் பேரா மாநிலத்து ரப்பர் தோட்டங்களின் கதையே அடங்கியிருக்கிறது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினர்களைப் பார்க்க வெளியார் காத்திருக்கும் கூடத்துக்கு லாபி என்று பெயர். ரப்பர் முதலாளிகள் 1907-லேயே லண்டனில் சங்கம் வைத்து அந்த வழியைப் பிடித்துக்கொண்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. முதலாளிகள் பிரிட்டிஷ் காலனி அமைச்சை நெருக்கினார்கள். 1922 நவம்பரில் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் ஸ்டீவன்சன் திட்டம் வந்தது. விலை ஏறியது.

ரப்பர் மரத்தில் பால் வெட்டிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு லண்டனில் யார் இருந்தார்கள்? 1930-களின் மந்தத்தில் பல்லாயிரம் தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்கே திருப்பியனுப்பினார்கள். இரண்டாம் போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் தலையெடுத்தன. 1948 ஜூன் 16 அன்று பேராவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரிகள் மூவர் சுட்டுக் கொல்லப்பட, அவசரகாலம் வந்தது. தீவிரச் சங்கங்கள் நசுக்கப்பட்டன. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949-ல் தூக்கிலிடப்பட்டார்.

அதே சுங்கை சிப்புட்டில் 1919-ல் பிறந்தவர் அரசியல் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன். 1950-களில் வெள்ளையர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலை போனால் லயத்து வீடும் போயிற்று. சம்பந்தன் அமைச்சரவையிலேயே இருந்தவர். அரசிடம் பேச அவருக்கு வழியிருந்தது. ஆனாலும் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய் ஆள் சேர்த்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். கூலிக்காரர் காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன.

தோட்டத்தைத் தங்கள் காசில் வாங்க முடிந்தாலும், சம்பளம் மட்டும் பிறரிடம் கேட்டுப் பெறவேண்டியதாகவே இருந்தது. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளம், மாதம் 900 வெள்ளி, 2013-ல்தான் வந்தது.

இன்று பால்மரம் நின்ற இடங்களில் செம்பனை. வேலை செய்வோரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும். அவர்களுக்கு இங்கே ஓட்டும் இல்லை. அதற்காக லாபியையே ஒழிப்பது நடக்காத காரியம். ஆனால் அரசிடம் யாருக்காக யார் பேசுகிறார் என்று பதிவேட்டில் எழுதச் சொல்லலாம். அமெரிக்காவும் கனடாவும் அதைச் சட்டமாகவே வைத்திருக்கின்றன. அப்படியொரு பதிவேட்டைப் பிரித்தால், தோட்டக்காரர் பக்கமாக எத்தனை பெயர், தொழிலாளி பக்கமாக எத்தனை பெயர் என்பதாவது எல்லாருக்கும் தெரியவரும்.