அண்ணன் ஊரில், தம்பி நகரில்

ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்த இருவருள் அண்ணன் ஊரிலேயே தங்கிவிடுகிறார். தம்பி வேலை தேடி நகரத்திற்குச் செல்கிறார். பல ஆண்டுகளுக்குப் பின் இருவர் உடலையும் அளந்து பார்த்தால் வேறுபாடு ஏதேனும் தெரியுமா? இக்கேள்விக்கு விடை காண நம் நாட்டில் ஓர் ஆய்வே நடத்தப்பட்டது. லக்னோ, நாக்பூர், ஐதராபாத், பெங்களூரு ஆகிய நகரங்களின் தொழிற்சாலைகளில் பணிபுரிந்தோரையும், அவர்களுள் கிராமத்திலிருந்து வந்தவர்களின் உடன்பிறந்தோராய் ஊரிலேயே வாழ்ந்து வந்தவர்களையும் ஆய்வாளர்கள் தேடிச் சென்று அளந்தனர். முடிவுகள் 2010ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால், கிராமத்தில் தங்கியவர்களுள் 100க்கு ஏறத்தாழ 19 பேரிடம் உடல் பருமன் காணப்பட்டது. நகரத்திற்குக் குடிபெயர்ந்தவர்களுள் அது 38ஆக இருந்தது. நகரத்தையே சேர்ந்தவர்களுள் 42.

இந்த மூன்று எண்களையும் மீண்டும் ஒருமுறை பாருங்கள். குடிபெயர்ந்த தம்பியின் எண், உடன்பிறந்த அண்ணனின் எண்ணை விட்டு விலகி, நகரத்தாரின் எண்ணை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது. இருவருக்கும் பெற்றோர் ஒருவரே. ஆகவே ‘எங்கள் குடும்பத்து உடல்வாகு அப்படி’ என்னும் விளக்கம் இங்கே போதாது. தில்லியிலோ மும்பையிலோ நாக்பூரிலோ இருந்துகொண்டு இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் பலரது குடும்பக் கதையும் இதுவே. தாத்தா ஊரில் வாழ்ந்தார். தந்தை நகரத்திற்கு வந்தார். நீங்களோ நகரத்திலேயே பிறந்தீர்கள். இம்மூன்று தலைமுறைகளுக்கு இடையே ஒரு நாளின் வேலையும் உணவும் எவ்வாறு மாறின என்று பார்த்தால், அந்த எண்களுக்குப் பொருள் விளங்கும்.

அறுபது ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் இட்லி உண்பது எளிதான செயல் அன்று. நெல்லை உரலில் இட்டு உலக்கையால் குத்த வேண்டும். புடைத்து உமியை நீக்க வேண்டும். அரிசியையும் உளுந்தையும் ஊறவைத்து, ஆட்டுக்கல்லின் முன் அமர்ந்து, கனத்த குழவியை நெடுநேரம் சுழற்ற வேண்டும். அதற்கு வேண்டிய தண்ணீரும் கிணற்றிலிருந்து இறைத்துக் குடத்தில் சுமந்து வரப்பட்டதே. சட்னிக்கு அம்மியில் அரைக்க வேண்டும். அடுப்பெரிக்க விறகு பிளக்க வேண்டும். இதனாலேயே உழவர் வீடுகள் பலவற்றில் இட்லியும் தோசையும் தீபாவளி, பொங்கல் போன்ற நாள்களுக்கு மட்டும் உரியவையாக இருந்தன. உண்பதற்கு முன்பே உழைப்பு செலவாகிவிடும். அந்த உழைப்பே, எத்தனை முறை உண்ணலாம் என்பதற்கு எல்லையும் வகுத்தது.

1950களில் கோயம்புத்தூரில் மின்சாரத்தால் இயங்கும் மாவாட்டும் இயந்திரம் உருவாயிற்று. குழவியைச் சுழற்றும் கை ஓய்வு பெற்றது. அடுத்த தலைமுறையில் அரைத்த மாவே உறையில் அடைக்கப்பட்டுக் கடைக்கு வந்தது. இன்றோ, கைப்பேசியில் விரலால் தொட்டால், வெந்த இட்லியே வாசலுக்கு வந்து சேர்கிறது. இட்லி அன்று போலவே இன்றும் ஆவியில் வெந்த நல்ல உணவுதான்; அதன் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. அதைச் சூழ்ந்திருந்த உழைப்புதான் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு படி கழிந்துகொண்டே வந்தது. நீர் இறைத்தல், துணி துவைத்தல், சந்தைக்கு நடத்தல், பள்ளிக்கு நடத்தல் என ஒவ்வொன்றுக்கும் இதே கதையைச் சொல்லலாம்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று எண்ணிவிட வேண்டா. உலக்கை பிடித்த கைகளும் குடம் சுமந்த இடுப்பும் பெரும்பாலும் பெண்களுடையவை. தண்ணீர் கொண்டு வருவதற்காகவே பள்ளிப் படிப்பை விட்ட சிறுமியர் பலர். பஞ்ச காலங்களில் உழைப்பு இருந்தது, உணவு இல்லை. மாவாட்டும் இயந்திரமும் குழாய் நீரும் எரிவாயு அடுப்பும் நம் பாட்டிமாருக்கும் தாய்மாருக்கும் கிடைத்த விடுதலை. அதைத் திருப்பிக் கேட்க எவருக்கும் உரிமை இல்லை. சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கை கால்களின் உழைப்பு குறைந்த அளவுக்கு வயிற்றின் பசி தானாகவே குறைந்துவிடுவதில்லை.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோகிராம் உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோ கலோரி ஆற்றல் சேமிக்கப்பட்டுள்ளது. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை ஏறத்தாழ 5 கிராம். அது தருவது 20 கிலோ கலோரி. தேவைக்கு மேல் நாள்தோறும் இரண்டரைத் தேக்கரண்டி, அதாவது 50 கிலோ கலோரி, உடலில் சேர்ந்தால் ஓராண்டில் அது 18,250 ஆகும். கணக்கின்படி இது இரண்டு கிலோகிராமுக்கும் மேற்பட்ட கொழுப்பு. எடை கூடக்கூட உடலின் செலவும் சற்றுக் கூடும் என்பதால், உண்மையில் எடை இவ்வளவு ஏறுவதில்லை. ஆயினும் எவ்வளவு சிறிய மிகுதி, நாள்தோறும் தொடர்ந்தால், எதில் போய் முடியும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. உடல் பருமன் பெருந்தீனியால் மட்டும் வருவது அன்று.

உழைப்பு குறைவதன் விளைவை முதன்முதலில் தெளிவாகக் காட்டியவர்களுள் ஒருவர் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவ ஆய்வாளர். லண்டனின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்த இருவர் ஒன்றாகப் பணிபுரிந்தனர். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநர் பயணச்சீட்டு வழங்குவதற்காக ஒரு நாளில் 500 படிகளுக்கு மேல் ஏறி இறங்கினார். ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருவதை 1953இல் மோரிஸ் எடுத்துக்காட்டினார். பின்னர் அவர்கள் சீருடையின் அளவுப் பதிவேடுகளையும் புரட்டினார். ஓட்டுநர்களின் காற்சட்டை இடுப்பளவே பெரிதாக இருந்தது. தையற்காரரின் அளவுக் குறிப்பு ஒரு மருத்துவச் சான்றாக மாறிய சுவையான நிகழ்ச்சி இது!

இனி உணவுக்கு வருவோம். தமிழகத்தின் வறண்ட பகுதிகளில் அரிசிச் சோறு ஒரு காலத்தில் விருந்து நாள் உணவு. மற்ற நாள்களில் கம்பங்கூழும் கேழ்வரகுக் களியும் சோளச் சோறும் சாமையும் வரகுமே பசியாற்றின. 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய பசுமைப் புரட்சியும் நியாய விலைக் கடைகளும் அரிசியை எல்லா வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தன. பட்டினியை விரட்டிய பெருஞ்செயல் அது. ஆனால் உமியோடு தவிடும் முழுவதும் நீங்க, ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய அரிசி விரைவாகச் செரித்து, குருதியில் சர்க்கரையை விரைவாக ஏற்றும் இயல்புடையது. ஏர் உழுதவர் தட்டில் குவித்த சோற்றின் அளவையே, கணினியின் முன் அமர்ந்திருப்பவரும் தட்டில் குவித்துக்கொள்கிறார்.

எண்ணெயின் கதை இன்னும் வெளிப்படையானது. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் அளந்து அளந்து ஊற்றிய காலம் ஒன்று இருந்தது. பலகாரத்துக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பது பண்டிகையின் அடையாளம். இன்று நாட்டிற்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்டது வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகிறது. அதில் பெரும்பங்கு பனையின இனமொன்றின் பழத்திலிருந்து எடுக்கும் பாமாயில். கடையில் உறையிலிட்டு விற்கும் நொறுக்குத் தீனிகளின் பின்புறத்தைப் படித்தால் இப்பெயரை அடிக்கடி காணலாம். பண்டிகை உணவு நாள்தோறும் உணவானது இவ்வாறுதான்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இது இரட்டிப்பாகிறது. ஊரிலிருந்து இரயிலில் வந்த முறுக்கும் அதிரசமும் ஒரு டப்பாவில். தெருமுனைச் சமோசாவோ வடாபாவோ மாலைச் சிற்றுண்டியாக. ஊர்ப் பலகாரத்தை நாம் விட்டுவிடவில்லை. அது நம் அன்பின் அடையாளம். ஊர் வேலையை மட்டும் விட்டுவந்தோம்.

நகரத்தில்தான் இப்படி, ஊருக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எவரேனும் சொன்னால் அவர் பழைய ஊரை நினைத்துப் பேசுகிறார் என்று பொருள். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு குடும்ப அட்டைதாரர்களுக்கு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையின்றி வழங்கியது. இரு சக்கர ஊர்தி தெருவுக்குத் தெரு வந்துவிட்டது. 2019–21இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களுள் 100க்கு 40 பேர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள். நான்கைந்து ஆண்டுகளுக்கு முன் அது 31. தில்லிப் பெண்களுள் 41. ஊருக்கும் தலைநகருக்கும் இடையே இருந்த தொலைவு இந்த ஒன்றில் மறைந்தேவிட்டது.

இதில் இந்தியர்க்கே உரிய வேறொரு சிக்கலும் உண்டு. புனே நகரின் மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் தம் குழுவினரோடு புனேயை அடுத்த கிராமங்களில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார். புனேக் குழந்தைகளின் சராசரிப் பிறப்பெடை 2.7 கிலோகிராம், இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5. எடை இவ்வளவு குறைந்திருந்தும், குறைந்தது பெரும்பாலும் தசையே. கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்து தோன்றும் உடலுக்குள் கொழுப்பு மிகுந்திருக்கும் இந்நிலை ‘மெலிந்த பருமன்’ எனத்தக்கது. தாய் போதிய உணவின்றி வாடினால், கருவிலுள்ள குழந்தையின் உடல் பற்றாக்குறைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்கிறது எனவும், அவ்வுடல் பிற்காலத்தில் மிகுதியான உணவைச் சந்திக்கும்போது நீரிழிவும் இதயநோயும் எளிதில் பற்றுகின்றன எனவும் அறிஞர்கள் கருதுகின்றனர். பாட்டியின் தலைமுறைப் பசிகூடப் பேரப் பிள்ளைகளின் நோயில் பங்குபெறக்கூடும் என்பது இதிலிருந்து எழும் எண்ணம்.

இக்காரணத்தால் இந்தியர்க்கு அளவுகோலும் கடுமையானது. கிலோகிராமில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் இருமடியால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியீட்டெண். உலக அளவில் 25ஐத் தொட்டால் மிகை எடை என்பர். இந்தியப் பெரியவர்களுக்கு மருத்துவர்கள் 23ஐயே எல்லையாகக் கொள்கின்றனர். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக் கூடாது என்பர். நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது என 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள். இந்த எல்லைகள் வளர்ந்தவர்களுக்கே உரியவை என்பதை மறவாதீர்கள். வளரும் பிள்ளைகளுக்கு வயதையும் பாலினத்தையும் பொறுத்து அளவு மாறும்; அதை மருத்துவரே சொல்ல வேண்டும். நீங்களாகவே ஒரு கணக்குப் போட்டுப் பட்டினி கிடப்பது வளர்ச்சிக்குக் கேடு.

வகுப்பில் பருத்த உடலுடைய மாணவர் எவருக்கேனும் பட்டப்பெயர் சூட்டப்பட்டிருக்கலாம். மேலே கண்டவற்றை எண்ணிப் பாருங்கள். ஆட்டுக்கல் போனது அவர் செயலா? எண்ணெய் மலிந்தது அவர் செயலா? குடியிருப்பின் விளையாட்டிடம் ஊர்தி நிறுத்துமிடமாக மாறியதும், பந்து விளையாடக் கூடாது என்று பலகை மாட்டப்பட்டதும், பள்ளி முடிந்தவுடன் தனிப்பயிற்சி வகுப்புக்கு ஓட வேண்டியிருப்பதும் அவர் தேர்ந்தெடுத்தவையா? 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு அமைப்பு. அந்த 60 நிமிடத்திற்கு இடமும் நேரமும் தர வேண்டியவர்கள் பெரியவர்களே. கேலிக்கு ஆளானவர் விளையாட்டுத் திடலுக்கு வருவதையே நிறுத்திவிடுவார் என்பதும் நாம் அடிக்கடி காண்பதுதான்.

அரசும் சில விதிகளை வகுத்துள்ளது. கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், பள்ளி வாயிலிலிருந்து 50 மீட்டர் வரையிலும் விற்கக் கூடாது என்பது 2020இல் வெளியான விதி. உங்கள் பள்ளி வாயிலில் நின்று பார்த்தால் அது எவ்வளவு பின்பற்றப்படுகிறது என்பதை நீங்களே அறிவீர்கள். 2025 மே மாதத்தில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம், தன் பள்ளிகள் எல்லாவற்றிலும் ‘சர்க்கரைப் பலகை’ வைக்க வேண்டும் என்று அறிவித்தது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை உள்ளது என்பதை மாணவர் கண்ணில் படும்படி காட்டுவதே அதன் நோக்கம்.

பலகையில் இல்லாத பொருளையும் நீங்களே கணக்கிடலாம். குளிர்பானப் புட்டியின் பின்புறத்தில் 100 மில்லிலிட்டருக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைப் புட்டியின் கொள்ளளவால் பெருக்கி 100ஆல் வகுத்தால் மொத்தச் சர்க்கரை தெரியும். அதை 5ஆல் வகுத்தால் எத்தனை தேக்கரண்டி என்பது தெரியும். 100 மில்லிலிட்டருக்கு 10.6 கிராம் என்று குறித்த, 250 மில்லிலிட்டர் கொண்ட சிறிய புட்டிக்கு விடை, ஐந்துக்கும் சற்று மேல். வீட்டில் இருக்கும் பெரிய புட்டிக்கு எவ்வளவு வருகிறது என்று கண்டு, உங்கள் குறிப்பேட்டில் எழுதி வாருங்கள்.