அடுப்படியில் சாக்பீஸ் கோடுகள்

திருச்சியில் அம்மா வீட்டுச் சமையல்கட்டில் ஒரு நாள் விடிகாலை சாக்பீஸும் கையுமாகத் தரையில் உட்கார்ந்தேன். அம்மா வழக்கம்போல் சமைக்க வேண்டும். அவள் எங்கிருந்து எங்கே போகிறாளோ, அந்தத் தடத்தில் நான் கோடு இழுத்துக்கொண்டே வர வேண்டும். காபி, இட்லி, சட்னி, மதியத்துக்குச் சாம்பார், ஒரு பொரியல். எட்டரை மணிக்கு அவள் அடுப்பை அணைத்தபோது தரை கோலம் கலைந்த வாசல்போலக் கிடந்தது. சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவில் 31 கோடுகள். மிக்ஸி இருந்த மூலைக்கும் அடுப்புக்கும் நடுவில் 23. அம்மா குனிந்து பார்த்து, "இவ்வளவா நடக்கறேன்?" என்றாள். அவளுக்கு 71 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம்.

இத்தனைக்கும் அது ஆறு வருடத்துக்கு முன்னால்தான் லட்சக்கணக்கில் செலவழித்துப் புதுப்பித்த சமையல்கட்டு. மாடுலர் கிச்சன் செய்து தரும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். அளவெடுக்க வந்தவர் சுவரை அளந்தார், ஜன்னலை அளந்தார், லேப்டாப்பில் வண்ணப்படம் காட்டினார். அம்மாவை அளக்கவில்லை. கிரைண்டர் எங்கே வைப்பீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, சொல்ல வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. வேலை முடிந்து சாமான்களை எடுத்து வைத்தபோதுதான் கிரைண்டருக்கு இடமே இல்லை என்று தெரிந்தது. மேடைமேல் வைத்தால் மேல் அலமாரிக் கதவு இடித்தது. கிரைண்டர் பின்கட்டுக்குப் போயிற்று. ஊறிய அரிசியை அங்கே தூக்கிப் போவதும், அரைத்த மாவை இங்கே தூக்கி வருவதும் அம்மாவின் தலையில் விழுந்தது.

அதைவிட எனக்கு இன்றும் ஆறாத ஒன்று உண்டு. 1987-இல் அப்பா இந்த வீட்டைக் கட்டியபோது மேடைக்கு அடியில் கடப்பாக்கல் தடுப்பு நிறுத்தி, கடப்பாக்கல்லிலேயே தட்டுகளும் போட்டிருந்தார். முப்பது வருடத்துக்கு மேல் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் கரையானுக்கும் அது அசையவில்லை. பழைய ஸ்டைல் என்று சொல்லி ஒரே நாளில் உடைத்து மூட்டை கட்டினார்கள். அந்த இடத்தில் வந்த பலகைப் பெட்டி, சிங்குக்கு அடியில், மூன்றாவது மழைக்காலத்திலேயே உப்பிப்போய் கதவு சாத்த முடியாமல் நின்றது.

சமையல்கட்டை மறுபடி மாற்றிக் கட்டுவது என்று ஆனது. இந்த முறை படம் பார்த்து ஆரம்பிக்கக் கூடாது, அம்மா நடக்கிறதைப் பார்த்து ஆரம்பிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அதற்குத்தான் சாக்பீஸ்.

சமையலறையில் அடியை எண்ணுவது நூறு வருடப் பழக்கம். 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் புதுக் குடியிருப்புகள் எழும்பியபோது, மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் அவற்றுக்கான சமையலறையை வடிவமைத்தார். எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், எத்தனை அடி என்று கணக்குப் பார்த்தார். ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் இருக்கும் குட்டிச் சமையலறைதான் அவருக்கு முன்மாதிரி. அவர் வடிவமைத்த சமையலறையின் அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். நம்முடைய தேசியக் கட்டட விதித்தொகுப்பு, சாப்பிடும் இடம் தனியாக இருக்கும் வீட்டில் சமையலறைக்குக் கேட்பது குறைந்தது 5 சதுர மீட்டர், அகலம் 1.8 மீட்டர். அகலம் கிட்டத்தட்ட அதே அளவு. அவர் வைத்த மூக்குள்ள அலுமினிய டப்பாக்களை இழுத்து அப்படியே சாய்த்துக் கொட்டலாம். அந்தச் சமையலறை ஏறக்குறைய 10,000 வீடுகளில் அமைந்தது. இன்று மாடுலர் கிச்சன் என்று நாம் வாங்குவதெல்லாம் அதன் வாரிசுகள்தான்.

ஆனால் அதில் ஒருவர்தான் நிற்க முடியும். இரண்டாவது ஆள் உள்ளே வந்தால் முதல் ஆள் ஒதுங்க வேண்டும். நம் வீடுகளில் அது நடக்கிற காரியமா? காலையில் அம்மா அடுப்பில் நிற்கும்போது வேலைக்கு வரும் அக்கா சிங்கில் பாத்திரம் தேய்க்கிறார். பொங்கலுக்கு நாங்கள் நான்கு பெண்கள் உள்ளே நிற்கிறோம். ஒருவர் புழங்க மூன்றரை அடி வழி போதும். இருவருக்கு 4 அடி வேண்டும். எதிரும் புதிருமாக இரண்டு மேடை போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் இந்த 4 அடியைத் தரையில் வரைந்து பார்க்க வேண்டும். அது கிடைக்காத அறையில் ஒரு பக்க மேடையோ 'ட' வடிவமோ போதும்.

1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முக்கோணக் கணக்கு ஒன்று சொன்னார்கள். ஃபிரிட்ஜ், சிங்க், அடுப்பு மூன்றையும் கோட்டால் இணைத்தால் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள் இருக்க வேண்டும், மூன்றும் சேர்ந்து 26 அடியைத் தாண்டக் கூடாது. நல்ல கணக்குதான். நான் இழுத்த கோடுகளோ வேறு கதை சொல்லின. அம்மா ஃபிரிட்ஜைத் திறந்தது ஆறே தடவை. மிக்ஸிக்குப் போனது அதைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. தேங்காய் அரைப்பது, புளி கரைப்பது, மாவைக் கரைத்து வைப்பது என்று நம் சமையலில் பாதி ஈர வேலை. மிக்ஸியும் கிரைண்டரும் சிங்குக்குப் பக்கத்தில், எட்டினால் தண்ணீர் கிடைக்கும் தூரத்தில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வாசலோரம் இருந்தாலும் குடி முழுகிவிடாது.

அடுப்பு தென்கிழக்கு மூலையில்தான், கிழக்கு பார்த்துத்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அதில் நான் வாதாடவில்லை. பல வீடுகளில் குழாய் வேலையெல்லாம் முடிந்த பிறகு வீட்டுப் பெரியவர் வாஸ்து பேசுவார், பாதியை உடைப்பார்கள். அடுப்பின் இடத்தை முதல் நாளே முடிவு செய்துவிட்டால் மற்றதை அதைச் சுற்றி அமைக்கலாம். எங்களுக்கு வந்த வரிசை: அடுப்பு, அதன் இடப்பக்கம் நறுக்க மூன்றடி வெற்று மேடை, அப்புறம் சிங்க், அதை ஒட்டி மிக்ஸியும் கிரைண்டரும். அடுப்பின் வலப்பக்கம் இறக்கி வைக்க ஒன்றரை அடி. குக்கரை இறக்கியதும் வைக்க இடமில்லாமல் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது எவ்வளவு ஆபத்து என்று சமைக்கிறவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது உயரம். கடையில் கிடைக்கும் பெட்டிகள் பெரும்பாலும் 34 அங்குலக் கணக்கில் வருகின்றன. அம்மாவின் உயரம் 4 அடி 10 அங்குலம். கையை மடக்கி நிற்கச் சொல்லி முழங்கைக்கு டேப் பிடித்தேன். தரையிலிருந்து முப்பத்தாறரை. முழங்கைக்கு 4, 5 அங்குலம் கீழே மேடை இருந்தால் நறுக்கும்போதும் பிசையும்போதும் தோள் தளர்ந்து நிற்கும். ஆக, 32. சரி, அடுப்பு? மேடைமேல் வைக்கிற அடுப்பே 5 அங்குலம். அதன்மேல் ஒரு 7 அங்குலக் குழம்புப் பாத்திரம். பழைய 34-ஐயும் சேர்த்தால் பாத்திரத்தின் வாய் 46 அங்குலத்தில் நிற்கிறது. முழங்கைக்கு மேலே ஒன்பதரை அங்குலம்! ஆறு வருடமாக அம்மா தோளைத் தூக்கிக்கொண்டே கிளறியிருக்கிறாள். தோள்வலி என்று அவள் சொன்னபோதெல்லாம் வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அடுப்பு நிற்கும் பகுதியை மட்டும் 28 அங்குலத்துக்கு இறக்கலாம் என்றேன். கொத்தனாருக்குப் பிடிக்கவில்லை. "படி வச்ச மாதிரி இருக்கும்மா. பாக்க நல்லாருக்காது" என்றார். "நிக்கப்போறது நான்தானே தம்பி" என்றாள் அம்மா. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவரே செங்கல்லை அடுக்கிப் பலகை போட்டு, 32-க்கு ஒன்றும் 28-க்கு ஒன்றுமாகப் போலி மேடை கட்டிக் கொடுத்தார். அம்மா அதில் இரண்டு நாள் காய் நறுக்கினாள், சப்பாத்தி தேய்த்தாள், சட்டியை வைத்துக் கிளறிப் பார்த்தாள். உடைத்துக் கட்டுமுன் இப்படி இரண்டு நாள் செலவழிக்க எல்லோரையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். 28 அங்குல மேடைக்கு அடியில் ரெகுலேட்டர் மாட்டிய சிலிண்டர் நிற்காது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைப் பக்கத்து 32 அங்குல மேடைக்கு அடியில் நிறுத்தினோம். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தங்கும். அந்தப் பெட்டியின் அடிப்பக்கம் துளை விட்டோம்.

மின்சாரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வீட்டில் இருக்கும் சாமான்களை எண்ணி, அதைவிட இரண்டு பிளக் கூடுதலாக வையுங்கள். இண்டக்ஷன், மைக்ரோவேவ் இரண்டுக்கும் தனித்தனி ஒயரில் 16 ஆம்பியர் பாயின்ட். ஈரக்கை படும் இடம் என்பதால் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே துண்டித்துவிடும் பிரேக்கர் கட்டாயம். சிம்னி வைத்தால் குழாய் நீளமும் வளைவும் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்றாகப் புகையை இழுக்கும்.

தண்ணீரை அப்படிச் சுருக்க முடியாது. பழைய பெட்டி ஏன் உப்பியது என்று எனக்குக் கொத்தனார்தான் காட்டினார். ஒரு துண்டு கிரானைட்டை எடுத்து விளிம்பில் தண்ணீர் விட்டார். தண்ணீர் கீழே சொட்டவில்லை. கல்லின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே ஓடி, இரண்டு அங்குலம் தள்ளிச் சொட்டியது. அந்த இடத்தில்தான் பலகைக் கதவின் தலை இருக்கும். பிறகு அதே கல்லின் அடியில், நுனியிலிருந்து அரை அங்குலம் உள்ளே, மெஷினால் ஒரு சின்னக் காடி இழுத்துவிட்டு மறுபடி தண்ணீர் விட்டார். இந்தத் தடவை காடிக்கு வந்த தண்ணீர் அதைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஒரு மேடைக்கு அரை மணி நேர வேலை. லட்சக்கணக்கில் வாங்கிய அந்த நிறுவனம் இதைச் செய்யவில்லை.

மேடை போட்ட அன்று ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்து, அது சிங்க் பக்கம் வாட்டமாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் கூலி வாங்கினார். சிங்குக்கு அடியில் பலகையே வேண்டாம் என்று சொல்லி மறுபடி கடப்பாக்கல் தட்டு போட்டோம். மற்ற இடங்களில் ஈரம் தாங்கும், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட். தினமும் எடுக்கும் சாமான் எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் கைக்கு வருகிற மாதிரி ஆசாரி இழுப்பறை செய்தார். பண்டிகைப் பாத்திரங்கள் பரணுக்குப் போயின. அம்மா இன்னும் பூசணியும் கீரையும் அரிவாள்மணையில்தான் நறுக்குகிறாள் என்பதால், ஜன்னலோரம் மூன்றடிக்கு இரண்டரை அடித் தரையை ஒன்றும் வைக்காமல் விட்டோம்.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து மறுபடி சாக்பீஸ் எடுத்தேன். மிக்ஸியிலிருந்து அடுப்புக்கு 9. சிங்கிலிருந்து அடுப்புக்கு 14.

பொங்கலுக்குப் போனபோது நான் சமைக்கிறேன் என்று அடுப்பில் நின்றேன். நான் 5 அடி 5 அங்குலம். 28 அங்குல மேடையில் குனிந்தபடியே ஒரு சர்க்கரைப் பொங்கல் கிளறி முடிப்பதற்குள் இடுப்பு பிடித்துக்கொண்டது. "எனக்கு ரொம்ப இறக்கம்மா இது" என்றேன்.

"நீ நாலு நாள் இருந்துட்டுப் போறவ" என்றாள் அம்மா. நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் கிரைண்டரைச் சாய்த்து மாவை வழித்தாள்.