பின்பக்கம் பார்த்து வாங்கு!

பைக் வாங்கப் போனால் டாங்க்கைத் தடவிப் பார்க்கிறோம். ஸ்டாண்டை எடுத்து உட்கார்ந்து பார்க்கிறோம். சைலன்ஸர் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டுகிறோம். படகு வாங்கப் போகிறவர் என்ன பார்ப்பார் தெரியுமா? முன்னால் போய் நின்று அணியத்தைப் பார்ப்பார். (அணியம் என்றால் படகின் மூக்கு.) கூர்மையாக, எடுப்பாக, பெயின்ட்டில் ஒரு மாதா படமோ முருகன் வேலோ இருந்தால் மனசு குளிர்ந்துவிடும். அட்வான்ஸ் கைமாறிவிடும்.

பின்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. கடலில் ஆளைக் காப்பாற்றுவதிலும் கவிழ்ப்பதிலும் பாதிக்கு மேல் அந்தப் பின்பக்கத்தின் வேலை!

"நமக்கும் படகுக்கும் என்ன சார் சம்பந்தம்? நான் மெரினாவில் கால் நனைத்ததோடு சரி" என்கிறீர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. உங்கள் பக்கத்து சீட்டில் டிபன் பாக்ஸ் திறக்கும் நண்பர் முட்டமோ குளச்சலோ நாகப்பட்டினமோவாக இருக்கலாம். அவர் சம்பளத்தில் பிடித்து அனுப்பும் பணத்தில்தான் ஊரில் அண்ணன் புதுப் படகுக்கு அட்வான்ஸ் கொடுத்திருப்பார். நீங்கள் பாங்க்கில் இருந்தால், 'ஃபைபர் படகு - ஒன்று' என்று ஒரு லோன் ஃபைல் உங்கள் மேஜைக்கே வரலாம். கையெழுத்துப் போடுகிறவருக்குக் கேள்வி கேட்கவும் தெரிய வேண்டாமா?

மூழ்காத கட்டை

நம்ம ஆளுக்கு முதலில் பின்பக்கமே கிடையாது. கட்டுமரம் என்றால் லேசான கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த தெப்பம், அவ்வளவுதான். அலை மேலே ஏறும். இடுக்கு வழியாகக் கீழே போய்விடும். தண்ணீர் தேங்குவதற்குக் குழியே இல்லாதபோது எப்படி மூழ்கும்? கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளை வெயிலில் காயப் போடுவார்கள். இந்த வார்த்தையைத்தான் வெள்ளைக்காரன் 'கேட்டமரான்' என்று கொண்டுபோய், இரண்டு உடம்பு ஒட்டிய சொகுசுப் படகுக்கு வைத்துக்கொண்டான்.

பிறகு மோட்டார் வந்தது. தலைவலியும் வந்தது. மோட்டாரை மாட்ட ஓர் இடம் வேண்டுமே! படகின் பின்னால் செங்குத்தாக நிற்கும் பலகைதான் அந்த இடம். இதற்குப் பெயர் ட்ரான்ஸம். நாம் பின்பலகை என்றே வைத்துக்கொள்வோம்.

அலைக்கு முன்னால் ஓடுவது

கன்னியாகுமரி மாவட்டத்துக் கரைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துறைமுகம் இல்லாத ஊரில் படகு மணலில்தான் ஏற வேண்டும். அலை உடைகிற இடத்தைத் தாண்டித்தான் வீடு. போகும்போது அலையை மூக்கால் கிழித்துப் போய்விடலாம். திரும்பி வரும்போது அலை பின்னாலிருந்து வரும். ஆபத்து அங்கேதான்.

பின்பலகை அகலமாக இருந்தால், பின்னால் வரும் அலை அதை அப்படியே தூக்கும். பின்பக்கம் மேலே, மூக்கு கீழே. மூக்கு தண்ணீரில் குத்திக்கொண்டு நின்றுவிட, பின்பக்கம் மட்டும் அலையோடு ஓடப் பார்க்கும். படகு சட்டென்று குறுக்கே திரும்பும். அடுத்த அலை விலாவில் அடிக்கும். அவ்வளவுதான்!

இதனால்தான் பழைய வள்ளங்கள் பலவற்றுக்கு இரண்டு முனையும் கூர்மை. முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் அலை பிளந்து இரண்டு பக்கமும் வழிந்துவிடும். 'டிசைன்' படித்தவர்கள் செய்ததில்லை, அடிபட்டவர்கள் செய்தது.

1979-ல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை நிறுவனம் வங்காள விரிகுடாத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி, சென்னையில் ஆபீஸ் போட்டது. கரையேறும் படகுக்கு டீசல் இன்ஜின் வைப்பது எப்படி என்பது அவர்கள் மண்டையைக் குடைந்த கேள்விகளில் ஒன்று. மணலில் ஏறும்போது சுழலும் விசிறி உடையக்கூடாதே! அதை மேலே தூக்கிக்கொள்ளும்படி அமைத்துப் பார்த்தார்கள். அதே காலத்தில் முட்டத்தில் பிளைவுட் பலகைகளைக் கம்பியால் தைத்து, பிசினால் ஒட்டிப் படகு கட்டினார்கள். அதில் பாடுபட்ட பியர் ஜில்லே என்ற பொறியாளர் 1985-ல் அந்த அனுபவத்தைப் புத்தகமாக எழுதினார். வைத்த தலைப்பின் அர்த்தம்: 'சிறியது சிரமமானது'. 'சிறியதே அழகு' என்று ஏற்கெனவே ஒரு புத்தகம் உலகப் புகழ் பெற்றிருந்ததல்லவா, அதற்குத்தான் இந்தக் குட்டு!

ஓட்டைப் பல் பின்பலகை

மோட்டார்களில் கால் உயரம் உண்டு. சட்டைக்கு சைஸ் இருப்பது போல 15 அங்குலம், 20 அங்குலம், 25 அங்குலம் என்று வரும். பின்பலகையின் உயரம் இதற்குப் பொருந்த வேண்டும். உயரம் கூடினால் விசிறி காற்றை இழுத்துக்கொண்டு வெறுமனே அலறும், படகு நகராது. ரொம்பத் தாழ்ந்தால் மோட்டாரின் கால் தண்ணீரை உழுதுகொண்டே வரும், எண்ணெய் வீண்.

கையில் குட்டைக் கால் மோட்டார் இருக்கிறது. பின்பலகையோ உயரம். நம் ஆசாரி என்ன செய்வார்? பலகையின் நடுவில் ஒரு துண்டை வெட்டி எடுத்துவிடுவார். முன்பல் விழுந்த குழந்தை மாதிரி ஒரு பொக்கை. படகு முழுக்க இரண்டரை அடி சுவர். பின்னால் மட்டும் ஒன்றே கால் அடி. கோட்டைக்குச் சுவர் எழுப்பிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்த கதை! மீன் நிறைந்து, படகு தாழ்ந்து, மோட்டாரும் நின்றுபோனால், எடை அதிகமுள்ள பின்பக்கத்தை நோக்கித்தான் தண்ணீர் வரும்.

இதற்கு மருந்து உண்டு. பொக்கைக்கு முன்னால், படகுக்குள், தொட்டி மாதிரி இன்னொரு தடுப்புச் சுவர். உள்ளே வரும் தண்ணீர் தொட்டியோடு நின்று, துளை வழியாக வெளியே போய்விடும். அல்லது பின்பலகையை வெட்டாமல் முழு உயரத்துக்கு விட்டு, நீண்ட கால் மோட்டாராக வாங்குவது. வெளியே இரும்புச் சட்டம் போட்டு அதில் மோட்டாரைத் தொங்க விடுகிறவர்களும் உண்டு. அப்போது எடை இன்னும் பின்னால் போகும். படகின் பின்பக்கம் தாழும். ஏதோ ஒன்றைக் கொடுத்துத்தான் இன்னொன்றை வாங்க வேண்டும்.

வேகம் என்கிற மயக்கம்

"வெளிநாட்டுப் படகெல்லாம் பறக்குதே மச்சான், அதே மாதிரி அகலமா, தட்டையா கட்டிடலாமா?"

கட்டலாம். பறக்காது.

தண்ணீரை விலக்கிக்கொண்டு போகும் படகுக்கு ஓர் எல்லை இருக்கிறது. தண்ணீரைத் தொடும் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்குங்கள். (பத்தாம் வகுப்புக் கணக்கு வாத்தியார் மகிழ்வார்!) 25 அடி என்றால் 6.7 நாட், மணிக்கு சுமார் 12 கிலோமீட்டர். 36 அடி என்றால் 8 நாட். ஒல்லியான, லேசான படகு இதைக் கொஞ்சம் மீறும். மற்றபடி இந்த எல்லையைத் தாண்டத் தண்ணீரின் மேல் எழும்பி வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்கு அகலமான, தட்டையான பின்பக்கமும் வேண்டும், அதைத் தூக்கக் குதிரைசக்தியும் வேண்டும்.

நம் ஃபைபர் படகில் தொங்குவதோ பெரும்பாலும் 10 குதிரைசக்திக்கு உட்பட்ட மோட்டார். அதை 28 அடிப் படகில் மாட்டி, நாலு ஆள், ஐஸ், வலை, மீன் எல்லாம் ஏற்றினால் எழும்பாது. எழும்பாத படகுக்கு அகலப் பின்பலகை வெறும் சுமை. தண்ணீரில் அமிழ்ந்த அந்தப் பலகையின் பின்னால் சுழல் உண்டாகி, படகைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே வரும். டவுன் பஸ்ஸின் பின் ஏணியில் பத்துப் பேர் தொங்குகிற மாதிரி! சின்ன மோட்டாருக்கு ஏற்றது நீளமான, ஒல்லியான உடம்பும், தண்ணீர் மட்டத்துக்கு மேலே நிற்கும் பின்பலகையும்தான்.

அப்படியானால் அடிப்பகுதி 'வி' எழுத்து மாதிரி ஆழமாக இருக்கும் படகு? 1960-ல் மயாமியிலிருந்து நசாவுக்கு நடந்த பந்தயத்தில், ரே ஹன்ட் வரைந்த 'மாப்பி' என்ற படகு கொந்தளிப்பில் மற்றவற்றை முந்தி ஜெயித்தது. பின்பலகை வரைக்கும் அந்த 'வி' ஆழம் குறையாமல் போனதுதான் ரகசியம். அலையில் டமார் என்று அடிக்காமல் கத்தி மாதிரி இறங்கும். ஆனால் அது ஓடும்போது மட்டும்! நிறுத்தி வலை போட்டால் தொட்டில் மாதிரி ஆடும். மீன் பிடிக்கிறவருக்கு நாளில் பாதி நேரம் நிற்கிற வேலைதான். அதோடு அந்த அடிப்பகுதியை எழுப்ப இன்னும் பெரிய மோட்டார், இன்னும் நிறைய எண்ணெய். ஆக, மீன்பிடிப் படகுக்கு நடுவழி: முன்னால் நல்ல 'வி', பின்னால் போகப்போகக் கொஞ்சம் தட்டை.

விரலால் தட்டுங்கள்

2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் ஃபைபர் படகுகள் கொத்துக் கொத்தாக வந்து இறங்கின. அவசரத்தில் வார்த்தவற்றில் தரமில்லாதவையும் இருந்தன என்பது அப்போதே பேசப்பட்ட விஷயம். ஃபைபர் பின்பலகைக்கு உள்ளே பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். மோட்டாருக்குப் போட்ட போல்ட் துளை வழியாகத் தண்ணீர் கசிந்தால் உள்ளே மரம் மக்கும். வெளியே பெயின்ட் பளபள! ஒரு நாள் நடுக்கடலில் பலகை மோட்டாரோடு கழன்று வரும்.

ஆகவே பழைய படகு வாங்கினால், தேங்காயைத் தட்டுகிற மாதிரி பின்பலகையைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கெட்டியாகக் கேட்டால் சரி. 'பொத்' என்றால் உஷார். மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, பிடித்து ஆட்டிப் பாருங்கள். கூடவே பலகையும் அசைந்தால் பேரத்தை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்வி

1. இந்தப் படகு துறைமுகத்தில் கட்டப் போகிறதா, மணலில் ஏறப் போகிறதா? மணல் என்றால் அகலப் பின்பலகை வேண்டாம்.
2. மோட்டார் எத்தனை குதிரைசக்தி? அடிப்பகுதி அதற்குத் தக்கதா?
3. முழுச் சுமையோடு, பின்பலகையின் மிகத் தாழ்ந்த இடம் தண்ணீருக்கு மேல் எத்தனை அங்குலம்? (காலிப் படகில் அளந்து காட்டினால் நம்பாதீர்கள்.)
4. பொக்கை வெட்டியிருந்தால், உள்ளே தடுப்புத் தொட்டி இருக்கிறதா?
5. தண்ணீர் நிறைந்தாலும் மிதக்க, மூடிய நுரை அறைகள் இருக்கின்றனவா?

ஐந்தாவது கேள்வி கட்டுமரம் நமக்குச் சொல்லிக்கொடுத்தது. தண்ணீர் ஏறினாலும் மூழ்காது என்றால், ஆள் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மிச்சமிருக்கும்.

இத்தனையும் சரியாக இருந்தாலும் எல்லாக் கடலையும் தாங்கும் படகு என்று எதுவும் கிடையாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது, கன்னியாகுமரிக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களில் பலர் திரும்பவேயில்லை. தூரத்தில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. ஆகவே படகோடு சேர்த்து, கரையோடு பேசும் கருவிக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் அதே லோனில் பணம் ஒதுக்கச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கு சார்" என்பார்கள். விடாதீர்கள்.

பக்கத்து சீட் நண்பரிடம் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொடுங்கள். ஊரிலிருந்து அண்ணன் அடுத்த முறை போனில், "படகு சூப்பரா இருக்குடா, மூக்கைப் பார்த்தா அசந்துடுவே" என்று ஆரம்பித்தால், அவர் கேட்க வேண்டியது ஒன்றுதான்:

"அது கிடக்கட்டும் அண்ணே, பின்னாடி எப்படி?"