கணினி சொன்னால் சரியா?

கடையில் பற்றுச்சீட்டு அடிப்பது, பாடசாலை நூலகத்தில் புத்தகம் பதிவது, தோட்டக் காரியாலயத்தில் சம்பளம் கணக்கிடுவது என்று பல வேலைகளுக்கு இன்று மேசைக்கணினியில் இயங்கும் மென்பொருள்கள் வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வரி வரியாக எழுதியிருக்கிறார். அந்த வரிகளில் ஒன்று பிழைத்தால் என்ன நடக்கும்? அந்தப் பிழையை எப்படித் தேடிப் பிடிப்பது? உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைக் கற்கும் மாணவி என்ற வகையில், பாடத்தில் படித்ததை நமது மலையகத்துக்குப் பழக்கமான கொழுந்துக் கணக்கை வைத்தே விளக்கலாம் என்று நினைக்கிறேன்.

மூன்று வகை வழுக்கள்

செய்நிரலில் உள்ள பிழையை வழு என்கிறோம். அது மூன்று வகைப்படும்.

முதலாவது தொடரியல் வழு. ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தாலோ, ஒரு கட்டளைச் சொல்லை எழுத்துப் பிழையுடன் எழுதினாலோ செய்நிரல் தொடங்கவே தொடங்காது. இரண்டாவது இயக்கநேர வழு. செய்நிரல் தொடங்கும், நடுவழியில் நின்றுவிடும். திறக்கச் சொன்ன கோப்பு அந்த இடத்தில் இல்லாவிட்டால், அல்லது ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுக்கச் சொன்னால் இப்படி நடக்கும். மூன்றாவது தருக்க வழு. செய்நிரல் தொடங்கும், கடைசி வரை ஓடும், விடையும் தரும். ஆனால் அந்த விடை பிழையாக இருக்கும்.

முதல் இரண்டும் தாமாகவே சத்தம் போடும். மூன்றாவது வாயே திறக்காது. அதனால்தான் அது ஆபத்தானது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு நாளில் 18 கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். 18 என்பது இங்கே உதாரணத்துக்கு மட்டும். செய்நிரலில் ‘நிறை 18 ஐ விடப் பெரிதா?’ என்று எழுதினால், சரியாக 18 கிலோ எடுத்தவருக்கு அரைப் பேர்தான் விழும். ‘18 அல்லது அதைவிடப் பெரிதா?’ என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரேயொரு சமன் குறிதான் வித்தியாசம். கணினி அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது.

அந்தச் சமன் குறியின் பெறுமதி ஒருவருடைய அரை நாள் உழைப்பு. சம்பளத்துக்கு மறுநாள் வாப்பாவின் கடைக்குச் சாமான் வாங்க வரும் அக்காமார் சிலர் சம்பளச் சீட்டை என்னிடம் நீட்டி, “இத கொஞ்சம் பாத்துச் சொல்லு புள்ள” என்பார்கள். பேர் எத்தனை, மேலதிகக் கிலோ எத்தனை, ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், தேயிலைத் தூளுக்கு இவ்வளவு, சங்கச் சந்தா இவ்வளவு என்று வாசித்துக் காட்டுவேன். “நான் நினைச்சத விடக் கொறவா இருக்கே” என்று யாராவது சொன்னால், பக்கத்தில் நிற்பவர் உடனே, “கம்பியூட்டர்ல அடிச்சது, பிழைக்குமா?” என்பார். அந்தக் கேள்விக்கு ஆம், பிழைக்கும் என்பதே சரியான விடை. எப்படிப் பிழைக்கும் என்பதை இனிப் பார்ப்போம்.

பத்து முறை கூட்டினாலும் ஒன்று வராது

பைதன் மொழியில் 0.1 ஐப் பத்து முறை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். 1 வராது, 0.9999999999999999 என்று வரும். கணினி எண்களை 0, 1 என்ற இரு இலக்கங்களால் மட்டுமே சேமிக்கிறது. மூன்றில் ஒன்றை நாம் தசமத்தில் எழுதும்போது 0.333 என்று முடிவில்லாமல் போவது போல, பத்தில் ஒன்று இரும எண்ணில் முடிவில்லாமல் போகும். கணினி அதை ஓரிடத்தில் வெட்டி வைக்கிறது. இப்படிச் சேர்த்த கூட்டுத்தொகையை வைத்து ‘1 ஐ எட்டிவிட்டதா?’ என்று கேட்டால், ‘இல்லை’ என்றுதான் பதில் வரும்.

இது சின்ன விடயமல்ல. 1991 பெப்ரவரி 25 ஆம் திகதி சவூதி அரேபியாவின் தஹ்ரானில் ஓர் ஏவுகணைத் தடுப்பு முறைமை தன் வேலையைச் செய்யத் தவறியது. 28 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். அதன் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு செக்கனாக எண்ணிக்கொண்டிருந்தது. சுமார் 100 மணித்தியாலம் நிறுத்தாமல் இயங்கியதில், வெட்டப்பட்ட அந்தச் சிறு பங்கு சேர்ந்து சேர்ந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு செக்கனாக வளர்ந்துவிட்டது.

கிட்டிய முழு எண்ணுக்கு மாற்றும்போதும் இப்படியொரு சிக்கல் உண்டு. பைதனின் இன்றைய பதிப்புகளில் 17.5 ஐ மாற்றினால் 18 வரும், 18.5 ஐ மாற்றினாலும் 18 தான் வரும். சரி பாதியாக இருந்தால் இரட்டை எண்ணின் பக்கம் போவது அதன் விதி. பாடசாலையில் நாம் கற்ற விதி வேறு என்பதால் இது தெரியாமல் போய்விடும்.

தீர்வு எளிது. நிறையைக் கிலோவில் தசமமாக வைக்காமல் கிராமில் முழு எண்ணாகவும், பணத்தை ரூபாவில் வைக்காமல் சதத்தில் முழு எண்ணாகவும் சேமிக்க வேண்டும். திரையில் காட்டும்போது மட்டும் கிலோவாகவும் ரூபாவாகவும் மாற்றினால் போதும்.

உறைந்த திரையும் இரட்டைப் பதிவும்

பொத்தானை அழுத்துகிறோம், திரை அசையாமல் நிற்கிறது. பெரும்பாலும் செயலி இறந்துவிடவில்லை. அது ஒரு பெரிய வேலையைச் செய்துகொண்டிருப்பதால் நம்மைக் கவனிக்க அதற்கு நேரமில்லை, அவ்வளவுதான். நாமோ பொறுமை இழந்து மீண்டும் மீண்டும் அழுத்துவோம். அந்த அழுத்தங்கள் எல்லாம் வரிசையில் காத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாகப் பதிவாகலாம்.

பிரித்தானியத் தபாலகங்களில் 1999 இலிருந்து ‘ஹொரைசன்’ என்ற கணினி முறைமை பாவனைக்கு வந்தது. 2015 இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டன் தபாலகத்தில், உறைந்த திரையில் விசையைப் பலமுறை அழுத்தியதால் 8,000 பவுண் ஒரே தொகை திரும்பத் திரும்பப் பதிவாகி, 24,000 பவுண் வித்தியாசம் காட்டியது. அது அந்த முறைமையில் இருந்த பல வழுக்களில் ஒன்றுதான். கணக்கில் பணம் குறைவதாக ஹொரைசன் காட்டியபோது, தபாலகம் நடத்தியவர்கள் “நாங்கள் எடுக்கவில்லை” என்று சொன்னதை யாரும் நம்பவில்லை. கணினியை நம்பினார்கள். 900 க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறைக்கும் போனார்கள். அலன் பேட்ஸ் என்பவரும் ஏனையோரும் தொடுத்த வழக்கில், 2019 டிசெம்பரில்தான் அந்த முறைமையில் வழுக்கள் இருந்ததை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 2024 இல் தனிச் சட்டமொன்றின் மூலம் நூற்றுக்கணக்கான தீர்ப்புகள் நீக்கப்பட்டன.

செயலி எழுதுபவர் செய்ய வேண்டியவை மூன்று. பொத்தானை ஒருமுறை அழுத்தியதும், வேலை முடியும்வரை அதைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் தனி இலக்கம் கொடுத்து, அதே இலக்கம் இரண்டாம் முறை வந்தால் மறுக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலையைத் திரையைக் கவனிக்கும் பகுதியிலிருந்து பிரித்துப் பின்னணியில் ஓடவிட வேண்டும்.

ஒரே பெயர், இரண்டு ஆட்கள்

தமிழில் செயலி எழுதுவோருக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தால், கணினி உண்மையில் ஆங்கில எழுத்துகளையே சேமிக்கிறது. எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் தெரியும். இன்று பயன்படும் யுனிகோட் எனும் ஒருங்குறியில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி இலக்கங்கள் உண்டு. ஆனால் தரவுத்தளத்தில் அந்தப் புலம் ஒருங்குறியை ஏற்கும்படி அமைக்கப்படாவிட்டால், பெயர்களுக்குப் பதிலாக வரிசையாகக் கேள்விக்குறிகள் தோன்றும்.

ஒருங்குறியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ‘பொன்னம்மா’ என்ற பெயரில் உள்ள ‘பொ’ வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தால் இரண்டு இலக்கங்கள். முன்னே வரும் கொம்பையும் பின்னே வரும் காலையும் தனித்தனியாக வைத்தால் மூன்று இலக்கங்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு பெயர்கள். இதனால் ஒரே பொன்னம்மா இரண்டு ஆட்களாகி, 12 நாள் பேர் ஓரிடத்திலும் 8 நாள் பேர் இன்னோரிடத்திலும் விழலாம். சேமிப்பதற்கு முன்பே எல்லாப் பெயர்களையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். பைதனில் அதற்கான கட்டளை தயாராகவே உண்டு. அதைவிட நல்லது, ஆட்களைப் பெயரால் தேடாமல் பதிவு இலக்கத்தால் தேடுவது.

சம்பளம் மாறும்போது

தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2019 இல் 700 ரூபாவானது. 2021 இல் வர்த்தமானி மூலம் மொத்த நாட்சம்பளம் 1000 ரூபாவானது. 2024 இல் 1350 ரூபாவாக அறிவிக்கப்பட்டது. செய்நிரலில் ஐந்து இடங்களில் 700 என்று நேரடியாக எழுதியிருந்தால், தொகை மாறும்போது ஐந்தையும் தேடி மாற்ற வேண்டும். நான்கை மாற்றி ஒன்றை விட்டாலும் செயலி ஓடிக்கொண்டேதான் இருக்கும். எல்லாவற்றையும் மாற்றினாலும், பழைய மாதமொன்றை மீண்டும் கணக்கிடும்போது புதிய தொகை போய் உட்கார்ந்துவிடும். ஆகவே சம்பளத் தொகையை ஓர் அட்டவணையில், எந்தத் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்பதோடு வைப்பதே முறை.

“என் கணினியில் வேலை செய்ததே!”

செயலி எழுதுவோர் அடிக்கடி சொல்லும் வசனம் இது. கோப்பின் முகவரியில் நம்முடைய பெயருள்ள கோப்புறையையே எழுதியிருப்போம். மற்றவர் கணினியில் அப்படியொரு கோப்புறை இருக்காது. பதிப்பும் காரணமாகலாம். பைதன் 3.9 உம் அதற்குப் பிந்தியவையும் விண்டோஸ் 7 இல் இயங்குவதில்லை. பழைய கணினிகள் உள்ள ஆய்வுகூடங்களில் இது கட்டாயம் கவனிக்க வேண்டிய விடயம். இடியும் மழையும் மின்வெட்டும் நமக்குப் புதியவையல்ல என்பதால், பாதி சேமிக்கும்போது மின்சாரம் போனால் என்னவாகும் என்பதையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். முழுவதும் எழுதப்பட்டால் மட்டுமே மாற்றத்தை ஏற்று, இல்லாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பும் வசதி ‘எஸ்கியூலைட்’ போன்ற தரவுத்தளங்களில் இலவசமாகவே கிடைக்கிறது.

வழுவைத் தேடும் ஒழுங்கு

வழு வந்ததும் கண்டபடி வரிகளை மாற்றத் தொடங்கினால், பழைய வழு போகுமுன் புதியது வந்துவிடும். கீழ்வரும் ஒழுங்கு பயன் தரும்.

1. வழுவை மறுபடி வரவழையுங்கள். என்ன எண்ணைக் கொடுத்தபோது வந்தது, எந்தப் பொத்தானை அழுத்தியபோது வந்தது என்று எழுதி வையுங்கள். மறுபடி வரவழைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது.

2. பிழைச் செய்தியை மூடுவதற்கு முன் வாசியுங்கள். பைதனில் கடைசி வரி என்ன நடந்தது என்றும், அதற்கு மேலுள்ள வரிகள் எந்த இடத்தில் நடந்தது என்றும் சொல்லும்.

3. செய்நிரலைப் பாதியாகப் பிரியுங்கள். நடுவில் மாறிகளின் பெறுமானத்தை அச்சிடச் சொல்லுங்கள். அதுவரை சரியென்றால் வழு பின்பாதியில் இருக்கிறது. இப்படிப் பத்துத் தடவை பிரித்தால் ஆயிரம் வரிகளில் ஒன்றைக் கண்டுபிடிக்கலாம்.

4. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

5. எல்லையில் உள்ள எண்களைக் கொடுத்துப் பாருங்கள். 0, 17.9, 18, 18.1 ஆகிய நான்கும் சரியாக வந்தால், நடுவில் உள்ளவை பெரும்பாலும் சரியாகவே வரும்.

6. கடைசியாக, ஒருவருடைய ஒரு மாதக் கணக்கைக் கடதாசியில் கையால் போட்டு, செயலியின் விடையோடு ஒப்பிடுங்கள். தருக்க வழுவைப் பிடிப்பதற்கு இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை.

ஆறாவது படியைச் செய்வதற்குக் கணினி அறிவே தேவையில்லை. ஒவ்வொரு நிறுவையையும் ஒரு கொப்பியில் குறித்து வைக்கும் தாயும், மாத முடிவில் அதைக் கூட்டிப் பார்க்கும் மகளும் அதைச் செய்யலாம். தொகை ஒத்துப்போகாவிட்டால், எந்த நாள், எத்தனை கிலோ என்று அந்தக் கொப்பியைக் காட்டிக் கேட்கலாம். “குறைவாக இருக்கிறது” என்ற முறைப்பாட்டை விட, “12 ஆம் திகதி 18 கிலோ, எனக்கு அரைப் பேர் விழுந்திருக்கிறது” என்ற கேள்வி வழுவின் வாசலுக்கே கொண்டுபோய் விடும்.

அளவையிலும் நிறுவையிலும் குறைப்போரை எச்சரிக்கும் ‘அல் முதஃப்பிஃபீன்’ சூராவை நாம் சிறு வயதிலேயே ஓதப் பழகியவர்கள். தராசு இன்று கணினிக்குள்ளும் போய்விட்டது. நாளை அதை எழுதப்போகும் கைகளில் நம் கல்லூரி மாணவியரின் கைகளும் இருக்கலாம். அப்போது ஒருவர் வந்து, “கணக்குப் பிழை போலத் தெரிகிறது” என்றால், “கணினி பிழைக்காது” என்று சொல்லாமல், அந்த நாளின் பதிவைத் திறந்து அவரோடு சேர்ந்து கூட்டிப் பார்ப்போம்.