முதல் சீசனில் சராசரி 6 பாயின்ட்தான்... புது ஃபார்வேர்டு சொதப்பிட்டாரா? கூடைப்பந்தில் 'ரூக்கி'யிடம் என்ன எதிர்பார்க்கலாம்?

பழனிசெட்டிபட்டியில் பஸ் ஏறினால் தேனி வழியாகப் பெரியகுளம் போய்ச் சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. மே மாதம் வந்துவிட்டால், சாயங்காலம் அந்தப் பக்கம் போகிறவர்களில் ஒரு கூட்டம் கூடைப்பந்து பார்க்கப் போகிற கூட்டமாக இருக்கும். பி.டி. சிதம்பர சூரியநாராயணன் நினைவுக் கோப்பைக்காக சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியப் போட்டி அது. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கடற்படை, ராணுவம், விமானப்படை, கேரள மின்வாரியம் என நாட்டின் பெரிய அணிகள் எல்லாம் மின்னொளியில் ஆடிப் பார்த்த மைதானம்.

அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஆட்டம் நன்றாகவே தெரியும். ஆனாலும் ஒரு பெரிய அணியில் புதுசாக ஒரு ஃபார்வேர்டு இறங்கினால், முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "பையன் எத்தனை பாயின்ட் போட்டான்?" நாலு என்று பதில் வந்தால், "அவ்வளவுதானா?" என்று முகம் வாடிவிடும்.

பெரியகுளத்தில் மட்டும் இல்லை, அமெரிக்காவின் என்.பி.ஏ-விலும் இதே கதைதான். ஆனால் முதல் வருட ஃபார்வேர்டை பாயின்ட்டை வைத்து எடை போட்டால், பெரும்பாலும் ஏமாந்துதான் போவோம். ஏன்?

யார் இந்த 'ரூக்கி'?

தொழில்முறை அணியில் முதல் சீசன் ஆடும் வீரரை 'ரூக்கி' என்பார்கள். களத்தில் இருக்கும் ஐந்து பேரில் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவர்கள் கார்டுகள். வளையத்துக்கு அடியில் நிற்பவர் சென்டர். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்கள்தான் ஃபார்வேர்டுகள். உள்ளேயும் முட்டி மோத வேண்டும், வெளியே வந்து தூரத்திலிருந்தும் போட வேண்டும்.

சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான். நம் ஊர்ப் பள்ளிகளில் ஆறடிக்கு மேல் ஒரு பையன் வளர்ந்துவிட்டால், அவனை வளையத்துக்குக் கீழே நிறுத்திவிடுவார்கள். "பந்து வரும், பிடிச்சுப் போடு" என்பதுதான் பயிற்சி. மாவட்ட அளவில் அது போதும், கோப்பையும் வரும். ஆனால் அகில இந்திய அளவில் எதிரே ஆறடி எட்டு அங்குலக்காரர் வந்து நிற்கும்போது, அதே பையன் இனிமேல் சென்டர் கிடையாது, ஃபார்வேர்டு. 6.75 மீட்டர் தூரத்திலிருந்து மூன்று பாயின்ட் ஷாட் பழக வேண்டும். வேகமாக ஓடும் ஆட்களை வெளியே போய் மறிக்க வேண்டும். பத்து வருடம் பழகியதை விட்டுவிட்டு, இருபது வயதில் வேறொரு வேலையை முதலிலிருந்து கற்றுக்கொள்வது மாதிரிதான் இது.

2013: முதலாம் இடமும் பதினைந்தாம் இடமும்

என்.பி.ஏ-வில் ஒவ்வொரு வருடமும் அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு 'டிராஃப்ட்' என்று பெயர். 2013 டிராஃப்டில் முதல் ஆளாக கிளீவ்லாந்து கேவலியர்ஸ் எடுத்தது ஆண்டனி பென்னட் என்ற ஃபார்வேர்டை. பதினைந்தாவதாக மில்வாக்கி பக்ஸ் எடுத்தது, பெரிதாக யாருக்கும் தெரியாத 18 வயது கிரேக்கப் பையனை. அவர்தான் யானிஸ் ஆன்டெடகும்போ. அவரும் ஃபார்வேர்டுதான்.

முதல் சீசன் முடிவில் பென்னட்டின் சராசரி ஆட்டத்துக்கு 4.2 பாயின்ட். யானிஸுக்கு 6.8. இரண்டுமே சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அந்த வருடம் பக்ஸ் 82 ஆட்டங்களில் ஜெயித்தது வெறும் 15.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். பென்னட் ஒரு ஆட்டத்தில் சராசரியாகக் களத்தில் நின்றது சுமார் 13 நிமிடம். யானிஸ் நின்றது சுமார் 25 நிமிடம். நிமிடத்துக்கு இத்தனை பாயின்ட் என்று வகுத்துப் பார்த்தால், பென்னட்தான் ஒரு படி மேலே! அப்படியானால் பாயின்ட் எதைச் சொல்கிறது? கிட்டத்தட்ட ஒன்றையும் சொல்லவில்லை. சொல்வது அந்த 25 நிமிடம்தான். தோற்றுக்கொண்டே இருந்த அணி, அந்த மெலிந்த பையனைத் தப்புப் பண்ண விட்டது. பந்தைக் கொண்டுபோகவும் விட்டது, தடுக்கவும் விட்டது. 2019, 2020 என அடுத்தடுத்து இரண்டு முறை சீசனின் சிறந்த வீரர் விருதையும், 2021-ல் கோப்பையையும் அவர் வாங்கினார்.

பென்னட்டுக்குத் தோளில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சீசனுக்கு முந்தைய கோடை முழுக்கத் தயாராக முடியவில்லை. முதல் சில ஆட்டங்களில் ஒரு ஷாட்கூட உள்ளே போகவில்லை. 'நம்பர் ஒன்' என்ற பட்டம் மட்டும் கழுத்தில் தொங்கியது. ஒரே வருடத்தில் வேறு அணிக்கு மாற்றிவிட்டார்கள். நான்கு அணிகள் சுற்றியும் கால் ஊன்ற முடியவில்லை.

அதிசய ரூக்கிகளும் உண்டுதானே என்று கேட்கலாம். உண்டு. 2023-24-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்கு வந்த விக்டர் வெம்பன்யாமா சராசரி 21.4 பாயின்ட், 10.6 ரீபவுண்ட் எடுத்துச் சிறந்த ரூக்கி ஆனார். ஸ்பர்ஸ் ஜெயித்தது 22 ஆட்டம். அவர் வருவதற்கு முந்தைய வருடம் ஜெயித்தது எத்தனை தெரியுமா? அதுவும் 22-தான்.

நம் ஆட்களுக்கு என்ன ஆச்சு?

2015 ஜூனில் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-வது இடத்தில் சத்னாம் சிங்கை எடுத்தது. இந்தியாவில் பிறந்து என்.பி.ஏ டிராஃப்டில் தேர்வான முதல் ஆள், பஞ்சாபின் பல்லோ கே கிராமத்துக்காரர். சென்டர் ஆடியவர் என்றாலும் இந்தக் கதையில் அவரை விட முடியாது. அவரைப் பற்றி 2016-ல் வந்த ஆவணப்படத்தின் பெயரே 'ஒன் இன் எ பில்லியன்', அதாவது நூறு கோடியில் ஒருவர். 19 வயதுப் பையன் மேல் நூறு கோடிப் பேரைத் தூக்கி வைத்தது மாதிரி! மேவரிக்ஸின் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் இருந்தார், களத்தில் நின்ற நேரம் குறைவு. என்.பி.ஏ-வின் வழக்கமான சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 52-வதாக வரும் வீரர்களில் பலருக்கு நடப்பதுதான் இது. ஆனால் இங்கே அது 'தோல்வி' என்று பேசப்பட்டது.

ஃபார்வேர்டு என்று பார்த்தால் நமக்கு நெருக்கமான உதாரணம் பிரின்ஸ்பால் சிங். 2017-ல் டெல்லி அருகே தொடங்கிய என்.பி.ஏ அகாடமியில் வளர்ந்தவர். 2020-ல் ஜி லீக் இக்னைட் அணியில் ஒப்பந்தம் ஆனார். ஜேலன் கிரீன், ஜோனதன் குமிங்கா இருந்த அணி அது. 2021 டிராஃப்டில் அவர்கள் முறையே 2-வது, 7-வது இடத்தில் போனவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நடுவே நிமிடம் கிடைப்பதே பெரிய விஷயம். கொரோனா காலத்தில் மொத்த சீசனும் ஓர்லாண்டோவில் ஒரே வளாகத்துக்குள் 15 ஆட்டங்களில் முடிந்துவிட்டது. இன்னொரு பக்கம், அங்கே மூன்று பாயின்ட் கோடு 7.24 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. இங்கே பழகியதைவிட அரை மீட்டர் தள்ளி. ஷாட்டை முழுசாக மாற்றிப் பழக வேண்டிய தூரம் அது.

அடுத்து 2021 ஆகஸ்டில் கோடைக்கால லீக் கோப்பையை ஜெயித்த சாக்ரமென்டோ கிங்ஸ் அணியில் பிரின்ஸ்பால் இருந்தார். அணியின் நட்சத்திரமாக இல்லை, அணியில் ஒருவராக. "அவ்வளவுதானா?" என்று இங்கே கேட்டவர்கள் உண்டு. இந்திய அணிக்கு அவர் முக்கியமான உயர வீரராக வளர்ந்ததை அப்போது யாரும் பாயின்ட் பட்டியலில் பார்த்திருக்க முடியாது.

அப்போ எதைத்தான் பார்ப்பது?

முதலில் ஃபவுல். சர்வதேச விதிப்படி ஆட்டம் 40 நிமிடம், ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே. புது ஃபார்வேர்டு முதல் கால்பகுதியிலேயே இரண்டு ஃபவுல் வாங்கினால், கோச் உடனே உட்கார வைத்துவிடுவார். பெரும்பாலும் அது கோபம் இல்லை, கடைசி பத்து நிமிடத்துக்கு ஆள் வேண்டுமே என்ற கணக்கு. சீசன் ஆரம்பத்தில் ஆட்டத்துக்கு நாலு ஃபவுல் வாங்கியவர், முடிவில் இரண்டு மட்டும் வாங்கினால் அது பெரிய வளர்ச்சி. கை வைக்காமல் காலை நகர்த்தித் தடுக்கப் பழகிவிட்டார் என்று அர்த்தம்.

அடுத்து ரீபவுண்ட். குறிப்பாக, பந்து வளையத்தில் படுவதற்கு முன்பே எதிராளியை முதுகால் தள்ளி நிறுத்தி இடம் பிடிக்கிறாரா? இதை 'பாக்ஸ் அவுட்' என்பார்கள். பையன் ஆளை மறித்து நிற்க, பந்தை வேறு யாராவது எடுப்பார்கள். பேர் அவருக்குப் போகும். ஆனால் கோச் பார்த்துக்கொண்டே இருப்பார். கார்டுக்கு வழி விட எதிராளியின் குறுக்கே போய் நிற்கும் 'ஸ்கிரீன்' வேலையும் இதே மாதிரி ஸ்கோர் ஷீட்டில் ஏறாத கூலி.

ஷாட்டில் எத்தனை போட்டார் என்பதைவிட, எந்த ஷாட்டைப் போடாமல் விட்டார் என்று பாருங்கள். இரண்டு பேர் மேலே ஏறி வரும்போது, மூலையில் தனியாக நிற்கும் ஆளுக்கு பந்தைத் தள்ளிவிடும் ரூக்கியை எந்த அணியும் சீக்கிரம் விடாது.

இங்கே பந்தயம் என்ன?

என்.பி.ஏ-வில் முதல் சுற்றில் தேர்வானவருக்கு முதல் இரண்டு வருடச் சம்பளம் உறுதி. சொதப்பினாலும் பணம் வரும். நம் பக்கம் அப்படி இல்லை. 2022-ல் சென்னை ஹீட் போன்ற அணிகளோடு ஐ.என்.பி.எல் வந்தது. 2025-ல் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக அதன் ப்ரோ லீக் நடந்தது. இவை சில வாரங்களில் முடிந்துவிடும் சீசன்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு உயரமான பையன் பந்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால், வீட்டில் உள்ளவர்கள் எதிர்பார்ப்பது லீக் ஒப்பந்தத்தை இல்லை. வங்கியிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை. அந்த வேலையைத் தருகிற அணிகள்தான் மே மாதம் பெரியகுளத்துக்கு வருகின்றன.

அதனால்தான் "நாலு பாயின்ட்தானா?" என்ற பேச்சு அங்கே கொஞ்சம் கனமாக விழுகிறது. கேலரியில் சத்தம் கூடக்கூட, பையன் போடக்கூடாத ஷாட்டைப் போட ஆரம்பிப்பான். ஃபவுலும் கூடும். நிமிடம் குறையும்.

அடுத்த முறை பெரியகுளத்தில் உட்காரும்போது ஸ்கோர் போர்டை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கவனியுங்கள். நாலாவது கால்பகுதி, மூன்று நிமிடம் பாக்கி, இரண்டு பாயின்ட் வித்தியாசம். அப்போது கோச் அந்தப் புதுப் பையனைக் களத்திலேயே விட்டுவைத்திருக்கிறாரா, இல்லை துண்டைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டாரா?