புகையால் ஆறாத மனம்

புண்பட்ட மனத்தைப் புகைவிட்டு ஆற்ற வேண்டும் என்று தமிழ்நாட்டில் வழங்கும் பேச்சும், தோல்வியுற்ற நாயகனின் கையில் சிகரெட்டைக் கொடுத்து நிறுத்திய திரைப்பட மரபும் ஒரே நம்பிக்கையிலிருந்து பிறந்தவை. இந்த நம்பிக்கை பொதுமக்களோடு நின்றுவிடவில்லை. மருத்துவர்களிடமும் அது நெடுங்காலம் வேரூன்றி இருந்ததால், மனச்சோர்வால் வாடும் ஒருவரிடம் புகைப்பதை நிறுத்தச் சொல்வது, அவருக்கு எஞ்சியிருக்கும் ஒரே பற்றுக்கோட்டையும் பறிப்பதாகும் என்றே பல நாடுகளில் கருதப்பட்டது. ஏறத்தாழ 35 ஆண்டுகளாக நடந்துவரும் ஆய்வுகள் அந்தக் கருத்தைப் படிப்படியாகத் தகர்த்துவிட்டன என்றாலும், அந்தச் செய்தி நோயாளிகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் இன்னும் முழுமையாகச் சென்றடையவில்லை.

ஓர் இழப்புக்குப் பின் எவருக்கும் வரக்கூடிய துக்கத்திலிருந்து மனச்சோர்வு என்னும் நோய்நிலை வேறுபட்டது. குறைந்தது இரண்டு வாரங்களுக்கு, அநேகமாக எல்லா நாள்களிலும் மனம் தாழ்ந்து கிடப்பதோ, முன்பு விரும்பிச் செய்தவற்றில் நாட்டம் அற்றுப்போவதோ அதன் முதன்மை அடையாளம். அத்துடன் தூக்கமும் பசியும் குலைவது, காரணமின்றி உடல் களைப்பது, கவனம் சிதறுவது, தன்னைப் பயனற்றவராகவும் குற்றவாளியாகவும் எண்ணுவது, சாவைப் பற்றிய நினைவுகள் திரும்பத் திரும்ப எழுவது ஆகியவற்றில் பலவும் சேரும்போது மருத்துவர்கள் அதை நோயாகக் கணிக்கின்றனர். 2019இல் உலகில் சுமார் 28 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளின் கணக்கெடுப்புகளில், மனச்சோர்வு உடையவர்களிடையே புகைப்பழக்கம் மற்றவர்களிடம் உள்ளதைப் போல ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது.

இந்தத் தொடர்பு அறிவியல் உலகின் கவனத்துக்கு வந்த விதம் எதிர்பாராதது. நியூயார்க்கில் உள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவர் அலெக்சாண்டர் கிளாஸ்மன், ரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் குளோனிடின் என்ற மருந்து புகைப்பழக்கத்தை நிறுத்த உதவுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். அப்போது மனச்சோர்வு உடையவர்களை அவர் அந்தச் சோதனையில் சேர்க்கவில்லை. ஆயினும் அதில் பங்கேற்ற கடும் புகைப்பழக்கம் உடையோரில் பத்தில் ஆறு பேர், வாழ்வின் ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வுக்கு ஆட்பட்டிருந்தவர்கள் என்பது தெரியவந்தது. மருந்தைப் பற்றிய அந்த ஆய்வு 1988இல் வெளியானது. தொடர்ந்து செயிண்ட் லூயிஸ் நகரில் 3,000க்கும் மேற்பட்டோரிடம் ஏற்கெனவே திரட்டப்பட்டிருந்த தகவல்களை அலசி 1990இல் அவர் வெளியிட்ட கட்டுரை, மனச்சோர்வின் வரலாறு உடையவர்கள் புகைக்கத் தொடங்குவதும் அதிகம், நிறுத்த முயன்று தோற்பதும் அதிகம் என்பதைக் காட்டியது.

மனச்சோர்வு, புகைப்பழக்கம் ஆகிய இரண்டில் எது காரணம், எது விளைவு என்ற கேள்வி அங்கிருந்துதான் எழுகிறது. சோர்ந்த மனம் தனக்குத்தானே மருந்திட்டுக்கொள்வதாகப் புகையை நாடுகிறது என்பது ஒரு விளக்கம். புகையே காலப்போக்கில் மனத்தைச் சோர்வடையச் செய்கிறது என்பது அதற்கு நேர் எதிரான விளக்கம். இரண்டுமே இல்லை, மரபுக்கூறுகளோ வளர்ந்த சூழலோ ஒருவரை இரண்டின் பக்கமும் சாய்க்கின்றன என்று கூறுவோரும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 1,500க்கும் மேற்பட்ட இரட்டைப் பெண்களை ஆராய்ந்த கென்னத் கெண்ட்லர், 1993இல் இந்த மூன்றாவது விளக்கத்தின் பக்கமே நின்றார். ஆனால் ஒரு பொது வேர் இருப்பது, அதிலிருந்து கிளைத்த இரண்டும் பின்னர் ஒன்றையொன்று வளர்ப்பதற்குத் தடையாகாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

நிகோட்டின் மூளையில் செய்யும் வேலையைப் பார்த்தால் இது தெளிவாகும். புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 விநாடிகளுக்குள் நிகோட்டின் மூளையை அடைந்து, அசிட்டைல்கோலின் என்ற இயற்கையான வேதிப்பொருள் வந்து பொருந்த வேண்டிய ஏற்பிகளில், அதாவது நரம்பணுக்களின் மேற்பரப்பில் செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதங்களில், தான் அமர்ந்துகொள்கிறது. அதன் தூண்டுதலால், விருப்பத்தோடும் ஊக்கத்தோடும் தொடர்புடைய டோபமைன் சுரக்கிறது. ஓயாத தூண்டுதலால் அந்த ஏற்பிகள் மரத்துப்போக, அதை ஈடுகட்ட மூளை அவற்றின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது. ரத்தத்தில் உள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடுவதால், எண்ணிக்கையில் பெருகிய ஏற்பிகள் வெறுமையாகி, எரிச்சல், அமைதியின்மை, கவனச் சிதறல், மனத் தாழ்வு ஆகியவை தலைதூக்குகின்றன. அடுத்த சிகரெட் இவற்றை அடக்கும்போது, புகைப்பவர் தம் வாழ்க்கைத் துயரம் தணிந்ததாக உணர்கிறார். உண்மையில் தணிந்ததோ, பெரும்பகுதி, முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பே. கந்துவட்டிக்காரரிடம் வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட அவரிடமே மீண்டும் கடன் வாங்குபவருக்குக் கிடைக்கும் நிம்மதியும் இத்தகையதே.

மனச்சோர்வு உடையவருக்கு இந்தச் சுழற்சி இரட்டைத் தொல்லை. நிகோட்டின் குறையும்போது வரும் அறிகுறிகளும் நோயின் அறிகுறிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், எது நோய், எது பழக்கத்தின் தவிப்பு என்று அவரால் பிரித்தறிய இயலுவதில்லை.

எனினும் புகையின் ஆறுதல் முழுக்கப் பொய் என்று கூறிவிட முடியாது. அவ்வாறு கூறுவது நோயாளியின் அனுபவத்தை மதிக்காததாகும். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஜோனா ஃபௌலரும் அவருடைய குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வுகள் இதற்குச் சான்று. டோபமைன், செரட்டோனின் போன்ற, மனநிலையைச் சீராக்கும் வேதிப்பொருள்களைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்சிடேஸ் என்ற நொதி மூளையில் உண்டு. இந்த நொதியின் பி வகை, புகைப்பவர்களின் மூளையில் மற்றவர்களைவிட 40 சதவீதமும், ஏ வகை 28 சதவீதமும் குறைந்திருப்பதை அவர்கள் மூளைப் படங்கள் வழியாகக் கண்டனர். இதே நொதியைத் தடுக்கும் மருந்துகள்தாம் 1950களில் மனச்சோர்வுக்குத் தரப்பட்ட தொடக்ககால மருந்துகளில் ஒரு வகை. நொதியைத் தடுப்பது நிகோட்டின் அன்று. புகையில் கலந்துள்ள வேறு பொருள்கள். ஆக, மனச்சோர்வு மருந்தை ஒத்த ஒரு செயல் புகைக்கு உண்டு என்பது மெய். ஆனால் அந்த மருந்து, புற்றுநோயை உண்டாக்கும் பல பத்து நச்சுப்பொருள்களோடு கலந்தே வருகிறது. புகைப்பதை நிறுத்தியவுடன் ஏ வகை நொதி விரைந்து மேலெழுந்து மனத்தைத் தாழ்த்துவதையும் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன. மனச்சோர்வு உடையவர்களுக்கு முதல் சில நாள்கள் ஏன் அவ்வளவு கடினமாக இருக்கின்றன என்பதற்கு இது ஒரு விளக்கமாகலாம்.

எது காரணம், எது விளைவு என்ற கேள்விக்கு மரபணுக்களின் உதவியோடு விடை தேடும் முறை அண்மையில் வளர்ந்துள்ளது. பெற்றோரிடமிருந்து எந்த மரபணு வேறுபாடு ஒருவருக்கு வந்து சேரும் என்பது தற்செயலாக அமைவதால், அதிகம் புகைக்கத் தூண்டும் வேறுபாடுகளைப் பெற்றவர்களுக்கு மனச்சோர்வும் அதிகமா என்று பார்த்தால், வறுமை, வளர்ப்பு போன்ற பிற காரணங்களின் குறுக்கீடு பெருமளவு நீங்கிவிடும். ஒரே ஒரு மரபணு வேறுபாட்டை மட்டும் கொண்டு 2014இல் செய்யப்பட்ட பெரிய ஆய்வில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. ஆனால் பிரிட்டனில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வேறுபாடுகளைத் திரட்டி, பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, புகைப்பது மனச்சோர்வின் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதற்கு வலுவான சான்றையும், மனச்சோர்வுக்கான மரபுச் சாய்வு புகைப்பதைக் கூட்டுகிறது என்பதற்கும் சான்றையும் தந்தது. பாதை இருவழிப் பாதை என்பதே இப்போதைக்குப் பொருத்தமான முடிவு.

நடைமுறையில் இதைவிட முக்கியமான கேள்வி, நிறுத்தியவர்களுக்கு என்ன நேர்கிறது என்பது. கெம்மா டெய்லர் தலைமையிலான குழு, 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்ட முடிவு பலருக்கும் வியப்பளித்தது. தொடர்ந்து புகைத்தவர்களோடு ஒப்பிடும்போது, நிறுத்தியவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன; அந்த முன்னேற்றம் மனச்சோர்வு மருந்துகள் தரும் அளவுக்கு ஈடாகவோ கூடுதலாகவோ இருந்தது; மனநோய் உடையவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அது ஒத்திருந்தது. 2021இல் 102 ஆய்வுகளோடு விரிவாக்கப்பட்ட தொகுப்பும் அதே திசையையே காட்டியது. மனம் தேறியவர்களால்தான் நிறுத்த முடிந்தது என்ற மாற்று விளக்கத்தை இந்த ஆய்வுகளால் அறவே ஒதுக்கிவிட முடியாது. ஆயினும் நிறுத்தினால் மனநிலை கெட்டுவிடும் என்ற அச்சத்துக்கு அவற்றில் இடமே இல்லை.

அந்த அச்சத்தால் நேர்ந்த இழப்பு சிறிதன்று. மனநோய் விடுதிகளில் நல்ல நடத்தைக்குப் பரிசாகச் சிகரெட் கொடுத்த காலம் உண்டு; மனச்சிதைவு நோயாளிகள் புகைப்பது தமக்குத் தாமே மருந்திட்டுக்கொள்வதாகும் என்ற கருத்தை வலுப்படுத்தும் ஆய்வுகளுக்குச் சிகரெட் நிறுவனங்கள் பணம் கொடுத்ததை, அவற்றின் உள் ஆவணங்களைக் கொண்டு ஜூடித் புரோச்சாஸ்கா குழுவினர் 2008இல் வெளிப்படுத்தினர். கடுமையான மனநோய் உடையவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறப்பதற்கு, இதயநோயும் நுரையீரல் நோயும் பெருங்காரணங்கள். அவ்விரண்டுக்கும் பின்னே புகை நிற்கிறது. நோயாளியின் மீது காட்டிய இரக்கமே அவர் ஆயுளைக் குறைத்தது என்பது மருத்துவ வரலாற்றின் வேதனையான பக்கம்.

மருந்துகளைப் பற்றிய தயக்கமும் இப்போது பெருமளவு நீங்கியிருக்கிறது. மனச்சோர்வு மருந்தான புப்ரோப்பியான், 1997இல் அமெரிக்காவில் புகைப்பழக்கத்தை நிறுத்தும் மருந்தாகவும் ஏற்கப்பட்டது. வாரெனிக்ளின் என்ற மற்றொரு மருந்து மனநிலையைக் கெடுக்கக்கூடும் என்று 2009இல் அங்கே கடும் எச்சரிக்கை விதிக்கப்பட்டது. 16 நாடுகளில் 8,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், பங்கேற்றவர்களில் பாதிப் பேர் மனநோய் உடையவர்களாக இருந்தும், நிகோட்டின் ஒட்டுப்பட்டையோடும் வெற்று மாத்திரையோடும் ஒப்பிடும்போது இவ்விரு மருந்துகளாலும் குறிப்பிடத்தக்க கூடுதல் பாதிப்பு இல்லை என்று தெரிந்ததால், அவ்வாண்டு இறுதியிலேயே அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. வழக்கமான உதவியோடு, மனநிலையைக் கையாளப் பயிற்றும் ஆலோசனையும் சேரும்போது, மனச்சோர்வு உடையவர்கள் புகையை நீண்ட காலம் விட்டிருப்பது கூடுகிறது.

நிறுத்த எண்ணுபவர் தம் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது. புகையில் உள்ள சில பொருள்கள் கல்லீரலின் நொதியைத் தூண்டி, டுலோக்சிட்டின், ஒலான்சபின், குளோசபின் போன்ற மருந்துகளை விரைவாகச் சிதைக்கின்றன என்பதால், புகை நின்றதும் அவற்றின் அளவு ரத்தத்தில் கூடக்கூடும். அதற்கேற்ப மருத்துவர் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். புகை நின்ற மகிழ்ச்சியில் மனச்சோர்வு மருந்தைத் தாமாக விட்டுவிடவும் கூடாது. தவிப்பு முதல் சில நாள்களில் உச்சமடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். அதற்குப் பின்னும் சோர்வு நீடித்தால், அல்லது எந்தக் கட்டத்திலும் உயிரை மாய்க்கும் எண்ணம் எழுந்தால், காத்திருக்காமல் உடனே உதவி நாட வேண்டும். அது புகையின் தவிப்புதானே என்று வீட்டார் ஒதுக்கிவிடக் கூடாது. இந்தியாவில் மனநல உதவிக்கு 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணிலும், புகையிலையை விடுவதற்கான ஆலோசனையை 1800-11-2356 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பெறலாம்.